மண்ணா, புல்லா, சிந்தெடிக்கா? டென்னிஸ் தரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்மண்ணில் ஆடும் பிரெஞ்சு ஓப்பன் முடிந்து மூன்றே வாரத்தில், புல்லில் ஆடும் விம்பிள்டன் தொடங்கிவிடும். அங்கே கோப்பையைத் தூக்கியவர் இங்கே முதல் வாரமே பெட்டியைக் கட்டினால், "என்னாச்சு இவருக்கு?" என்று கேட்காதவர் இல்லை. பெரும்பாலும் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. காலுக்குக் கீழே இருந்த தரை மாறியிருக்கும், அவ்வளவுதான். அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இவை.

தரை பந்தை என்னதான் செய்கிறது?

இரண்டே வேலை. முன்னோக்கிப் போகும் வேகத்தில் ஒரு பங்கை உராய்வால் பிடித்துக்கொள்கிறது. மேலிருந்து விழுந்த வேகத்தில் ஒரு பங்கை மேல்நோக்கித் திருப்பித் தருகிறது. பந்து தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஏறத்தாழ 5 மில்லி விநாடிதான். அந்த நேரத்துக்குள் இரண்டும் முடிந்துவிடும். எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு தருகிறது என்பதில்தான் மண்ணுக்கும் புல்லுக்கும் வித்தியாசம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தட்டையாக வரும் சர்வ் (பாயிண்டைத் தொடங்கும் அடி), தரையைத் தொடும் நேரம் முழுவதும் வழுக்கிக்கொண்டே போகும். வழுக்கும் வரைதான் தரையின் சொரசொரப்பு பேசும். உயரத் தூக்கி அடித்து, செங்குத்தாக விழும் லாப் அப்படியல்ல. அது தரையைக் கவ்விப் பிடித்து, சுழன்று எழுந்துவிடும். ஒருமுறை கவ்வியபின் தரை இன்னும் சொரசொரப்பாக இருந்தாலும் பெரிதாக எதுவும் மாறாது. அதனால் தரைக்குத் தரை உள்ள வித்தியாசம் சர்விலும் தட்டையான ஷாட்டுகளிலும் பளிச்சென்று தெரியும். லாபில் அவ்வளவாகத் தெரியாது.

'வேகமான தரை', 'மெதுவான தரை' என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இதற்கு ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறது. ஓர் இயந்திரம் பந்தை விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில், சுமார் 16 டிகிரி சாய்வில் தரையில் எறியும். படும் முன்னும் பட்ட பின்னும் உள்ள வேகத்தையும் கோணத்தையும் அளந்து எண்ணாக்குகிறார்கள். 29 வரை மெதுவான தரை, 30 முதல் 34 வரை ஓரளவு மெது, 35 முதல் 39 வரை நடுத்தரம், 40 முதல் 44 வரை ஓரளவு வேகம், 45-ம் அதற்கு மேலும் வேகமான தரை.

இந்த மதிப்பெண்ணில் உராய்வு மட்டும் சேர்வதில்லை, துள்ளலும் சேர்கிறது. பந்து உயரமாக எழும்பினால் மதிப்பெண் குறையும், அதாவது தரை 'மெதுவானது' ஆகும். துள்ளல் விகிதம் (விழுந்த வேகத்தில் எத்தனை பங்கு மேலே திரும்புகிறது என்பது) 0.05 கூடினால் 7.5 மதிப்பெண் போய்விடும். உராய்வு அதே அளவு கூடினால் போவது 5 மட்டும். காரணம் எளிது. உயர எழும் பந்து கீழே வர நேரமாகும், ஆட்டக்காரருக்கு ஓடி வர அவகாசம் கிடைக்கும். தாழ்வாகப் பாயும் பந்து வேகம் குறைவாகவே வந்தாலும் "ரொம்ப ஃபாஸ்ட்" என்றுதான் தோன்றும். வர்ணனையில் 'வேகம்' என்று காதில் விழுவதில் பாதி, உண்மையில் உயரம்.

செம்மண்ணில் பந்து ஏன் நின்று வருகிறது?

பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் ரோலண்ட் காரோஸ் தரையின் மேற்பரப்பில் இருப்பது செங்கல் தூள். அதுவும் 1 அல்லது 2 மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே சுமார் 7 செ.மீ. கனத்துக்கு நொறுக்கிய சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே நிலக்கரிக் கசடு, பிறகு சரளை. சிவப்பாக இருப்பது மேல்பூச்சு மட்டும். உருளை போட்டு இறுக்கிய வெள்ளைக் கல்தான் உண்மையான தரை.

பந்து வந்து விழும்போது அந்தத் தூளை உழுதுகொண்டு போகிறது. முன்பக்கம் சின்ன மேடாகத் தூள் குவிகிறது, பந்து அந்த மேட்டில் மோதி ஏறுகிறது. முன்னோக்கிய வேகம் குறைய இது ஒரு காரணம்; கோணம் செங்குத்தாக மாறி பந்து உயர எழவும் இதுவே காரணம். அடியில் கல் இறுகியிருப்பதால் மொத்தென்று அமுங்கிப் போவதில்லை. டிவியில் குளோசப் காட்டும்போது பாருங்கள்: பந்து பட்ட தடம் நீள்வட்டமாக இருக்கும், ஒரு முனையில் தூள் ஒதுங்கியிருக்கும். பந்து எந்தத் திசையில் போனது என்பதை அந்தத் தடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இடக்கை ஆட்டக்காரர் ரஃபேல் நடாலின் டாப் ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழற்றி அடிப்பது) இந்தத் தரைக்கென்றே வார்த்தது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுழலும் பந்து மண்ணைக் கவ்வி எகிறும்போது, வலக்கை ஆட்டக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம், அதாவது இடப்பக்கம், தோள் உயரத்துக்கு வந்துவிடும். ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் ஆடிய ரோஜர் ஃபெடரர் அங்கே பட்ட பாடு ஊரறிந்தது. பாரிஸில் நடாலுக்கு 14 பட்டங்கள், 112 வெற்றிகள், 4 தோல்விகள். இந்த எண்களுக்கு முழுக் காரணமும் தரை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே நடாலுக்கு விம்பிள்டனில் கிடைத்தது 2 பட்டங்கள்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வெயிலும் மழையும் ஆட்டத்தை மாற்றுமா?

மண்ணில் மிக அதிகமாக மாற்றும். நல்ல வெயிலில் தூள் காய்ந்து தரை இறுகும், பந்தும் சூடேறித் துள்ளும். ஈரம் ஏறினால் பந்தின் மேலுள்ள கம்பளி மயிரில் தூள் அப்பிக்கொள்ளும், பந்து கனக்கும், எழும்பாது. 2020-ல் கொரோனாவால் பிரெஞ்சு ஓப்பன் செப்டம்பர் இறுதிக்குத் தள்ளிப்போனது. பாரிஸ் குளிர், புதுப் பந்து என்று நடால் குறைப்பட்டுக்கொண்டார். துள்ளல் குறைந்தால் அவர் கதை முடிந்தது என்று எழுதியவர்களும் உண்டு. இறுதிப் போட்டியில் ஜோகோவிச்சை 6-0, 6-2, 7-5 என்று வென்றார். தரையை வைத்து ஜோசியம் சொல்வதில் இப்படியொரு சிக்கல் எப்போதும் உண்டு.

உயரமான ஊர்களில் காற்று மெல்லியதாக இருப்பதால் பந்து வேகமாக வரும். மாட்ரிட் சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் செம்மண்தான், ஆனால் பாரிஸ் செம்மண்ணின் பொறுமை அங்கே செல்லுபடியாகாது.

நீல நிறத்தில்கூட மண் தரை போட்டார்களாமே?

ஆமாம், 2012-ல், அதே மாட்ரிட்டில். டிவியில் மஞ்சள் பந்து பளிச்சென்று தெரியட்டும் என்பதற்காக. தரை வழுக்கியது, நடாலும் ஜோகோவிச்சும் இப்படியே இருந்தால் அடுத்த ஆண்டு வரமாட்டோம் என்றார்கள். பட்டம் வென்றவர் ஃபெடரர். அதன்பிறகு ஆண்கள் டூரில் நீல மண்ணுக்கு இடமில்லை.

விம்பிள்டன் புல் முன்போல் இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2001-க்கு முன்பு அங்கே 70 சதவீதம் ரை புல், 30 சதவீதம் சிவப்பு ஃபெஸ்க்யூ என்ற கலவை. அந்த ஆண்டு முதல் முழுக்க ரை புல். வெட்டும் உயரம் 8 மில்லிமீட்டர். மாற்றியதற்குச் சொன்ன காரணம் புல் இரண்டு வாரம் தேயாமல் தாங்க வேண்டும் என்பதுதான். ஆட்டத்தை மெதுவாக்குவது நோக்கமல்ல என்கிறார்கள். ஆனால் புது புல் அடர்த்தியாக நிமிர்ந்து நிற்கிறது, கீழே மண்ணும் உலர்ந்து இறுகியிருக்கிறது. புல் தரையில் துள்ளலைத் தீர்மானிப்பது புல்லைவிட அதன் கீழுள்ள மண்தான். மண் இறுகினால் பந்து எழும்பும்.

புள்ளிவிவரம் தேடாமல் கண்ணாலேயே இதைப் பார்க்கலாம். 1990-களின் இறுதிப் போட்டிப் படங்களில் கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனிலிருந்து நெட்டை நோக்கிப் புல் தேய்ந்து பழுப்புத் தடம் விழுந்திருக்கும். சாம்ப்ராஸ், இவானிசெவிச் போன்றவர்கள் சர்வ் போட்டுவிட்டு முன்னால் ஓடிய வழி அது. இன்றைய இறுதிப் போட்டியைப் பாருங்கள்: நெட் பக்கம் புல் பச்சைப்பசேலென்று கிடக்கும், பேஸ்லைனையொட்டி மட்டும் மண் தெரியும். 2002-லேயே இறுதிப் போட்டியில் ஆடிய ஹியூவிட், நால்பாண்டியன் இருவருமே பின்னால் நின்று ஆடுபவர்கள்.

எல்லாப் பழியையும் புல்லின் தலையில் போடுவதும் சரியல்ல. ராக்கெட்டில் பாலியெஸ்டர் நரம்பு வந்தபிறகு, நெட்டுக்கு ஓடி வருபவரின் காலடியில் பந்தைச் சுழற்றி இறக்குவது சுலபமாகிவிட்டது. புல் மாறாமலே இருந்திருந்தாலும், சர்வ் போட்டதும் முன்னால் ஓடி பந்து தரையில் படுமுன் அடிக்கும் சர்வ்-வாலி ஆட்டம் பெருமளவு தேய்ந்துதான் இருக்கும் என்பது என் எண்ணம்.

முதல் இரண்டு நாள் மட்டும் பழைய விம்பிள்டன் எட்டிப் பார்க்கும். புது புல்லில் ஈரம் இருக்கும், வழுக்கும். 2021-ல் ஒரே நாளில் சென்டர் கோர்ட்டில் மன்னாரினோவும் செரீனா வில்லியம்ஸும் வழுக்கிக் காயத்தோடு விலகினார்கள்.

ஹார்ட் கோர்ட் எல்லாம் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. நம் ஊரில் சிந்தெடிக் என்று சொல்வதும் இதைத்தான்: சிமெண்ட் அல்லது தார்த் தளத்தின்மேல் அக்ரிலிக் பூச்சு. அந்தப் பூச்சில் கலக்கும் மணல்தான் சூட்சுமம். மணல் அதிகமாகவோ பருமனாகவோ இருந்தால் உராய்வு கூடி மெதுவாகும். குறைத்தால் பந்து பறக்கும். ஆக, எந்த வேகம் வேண்டும் என்று போட்டி நடத்துபவரே சொல்லிச் செய்துகொள்ள முடிகிற தரை இது ஒன்றுதான். ஆடி ஆடி மணல் தேயும்போது அதே கோர்ட் வேகமாகிவிடும். நம் ஊர் கிளப்புகளில் பழைய சிந்தெடிக் கோர்ட் வழவழவென்று ஆகி, பந்து சறுக்கிக்கொண்டு போவதற்கு இதுதான் காரணம்.

ஆஸ்திரேலிய ஓப்பன் 1988-ல் புல்லிலிருந்து ஹார்ட் கோர்ட்டுக்கு வந்தது. முதலில் ரீபவுண்ட் ஏஸ் என்ற ரப்பர் கலந்த தரை. மெல்பர்ன் வெயிலில் அது பிசுபிசுத்துக் காலைப் பிடித்துக்கொள்கிறது என்று புகார்கள் வந்தன. 2008-ல் பிளெக்ஸிகுஷன், 2020-ல் கிரீன்செட். அமெரிக்க ஓப்பனோ மூன்று தரைகளையும் பார்த்துவிட்டது: 1974 வரை புல், 1975 முதல் 1977 வரை பச்சை மண், 1978 முதல் ஹார்ட் கோர்ட். ஜிம்மி கானர்ஸ் மூன்றிலும் வென்றார்: 1974, 1976, 1978. அமெரிக்க ஓப்பன் ஒற்றையர் பட்டத்தை மூன்று தரைகளிலும் வென்றவர் வேறு யாருமில்லை.

சொந்த மண்ணில் ஆடுபவர் தரையைத் தேர்ந்தெடுக்கலாமா?

நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் போட்டியை நடத்தும் நாட்டுக்கு அந்த உரிமை உண்டு. 1987-ஐ நினைத்துப் பாருங்கள். சிட்னியில் புல் தரையில் ஆஸ்திரேலியாவை இந்தியா 3-2 என்று வென்றது. தீர்மானமான கடைசி ஆட்டத்தில் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன் வாலி மஸூரை வீழ்த்தினார். ரமேஷின் சர்வில் பலம் கிடையாது, அதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் தட்டையாக, தாழ்வாக, எதிராளி எதிர்பார்க்காத இடத்தில் பந்தை வைப்பதில் அவருக்கு நிகர் குறைவு. பந்து எழும்பாத புல்லில் அது பெரிய ஆயுதம். இறுதிப் போட்டி ஸ்வீடனில். அவர்கள் கோத்தன்பர்க்கில் உள்ளரங்குக்குள் மண் தரை போட்டார்கள். அதே பந்து இப்போது நின்று, இடுப்புக்கு மேல் எழுந்து வந்தது. 5-0. ஸ்வீடன் எந்தத் தரையிலும் பலமான அணிதான், ஆனாலும் புல்லில் ஆடியிருந்தால் 5-0 ஆகியிருக்காது என்று இன்றும் வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

பாதி புல், பாதி மண் என்று ஒரு ஆட்டம் நடந்ததாமே?

2007 மே மாதம், ஸ்பெயினின் மல்யோர்கா தீவில். அப்போது ஃபெடரர் புல்லில் தொடர்ந்து 48 ஆட்டங்களும், நடால் மண்ணில் தொடர்ந்து 72 ஆட்டங்களும் வென்றிருந்த நேரம். நெட்டுக்கு இந்தப் பக்கம் புல், அந்தப் பக்கம் மண். பக்கம் மாறும்போதெல்லாம் காலணியும் மாற்ற வேண்டும். முதலில் வளர்த்த புல்லைப் புழு அரித்துவிட, கடைசி நேரத்தில் வேறு புல் கொண்டுவந்து பதித்தார்கள். நடால் 7-5, 4-6, 7-6 என்று வென்றார். காட்சி ஆட்டம்தான், இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பார்க்க வேடிக்கையாக இருந்தது.

தரைக்கு ஏற்றபடி பந்தையும் மாற்றுவார்களா?

விதியில் இடமிருக்கிறது. மெதுவான தரைக்குச் சற்றுக் கடினமான பந்து, வேகமான தரைக்கு சுமார் 6 சதவீதம் பெரிய பந்து என்று வகைகள் உண்டு. பெரிய பந்து காற்றில் வேகமிழக்கும். ஆனால் பெரிய போட்டிகளில் பெரும்பாலும் நடுத்தர வகையைத்தான் காண்கிறோம்.

காலணி?

மண்ணுக்கு மீன்முள் வடிவ வரிகள் உள்ள அடிப்பாகம். தூள் சிக்காமல் உதிர்ந்துவிடும், சறுக்கி நிற்கவும் முடியும். புல்லுக்குச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள். சிந்தெடிக் கோர்ட்டுக்குத் தடித்த, தேயாத ரப்பர். ஓடுவதற்கான ஷூவைப் போட்டுக்கொண்டு எந்தக் கோர்ட்டிலும் இறங்காதீர்கள், பக்கவாட்டில் கணுக்கால் மடங்கும்.

கிரிக்கெட், ஹாக்கியிலும் இப்படித்தானா?

கிரிக்கெட்டில் இன்னும் ஒரு படி மேல், ஏனென்றால் ஆட்டம் நடக்கும்போதே தரை மாறுகிறது. டென்னிஸ் கோர்ட்டைப் பராமரித்து ஒரே மாதிரி வைக்கப் பாடுபடுகிறார்கள். டெஸ்ட் பிட்சை வெடிக்க விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறோம். காய்ந்த பிட்சில் மேல்மண் பொடியும்போது சுழலும் பந்து நன்றாகக் கவ்வித் திரும்பும். 1988-ல் சேப்பாக்கத்தில் தன் முதல் டெஸ்டிலேயே நரேந்திர ஹிர்வானி 136 ரன் கொடுத்து 16 விக்கெட் எடுத்தது அப்படிப்பட்ட தரையில்தான். பெர்த்தின் பழைய வாக்கா மைதானத்தில் இதற்கு நேர்மாறு: இறுகிய களிமண், பந்து மார்புக்கு ஏறும்.

ஹாக்கியில் தரை ஒரு நாட்டின் தலையெழுத்தையே புரட்டியது. 1975-ல் கோலாலம்பூரில் புல்லில் உலகக் கோப்பை வென்ற இந்தியா, அடுத்த ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் போட்ட செயற்கைத் தரையில் 7-ஆம் இடத்துக்கு இறங்கியது. மேடுபள்ளமான புல்லில் பந்தை மட்டையோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் வித்தைக்கு மதிப்பு அதிகம். டர்ஃப் எனும் சமதளமான செயற்கைத் தரையில் பந்து நேராக, வேகமாக ஓடும்; ஓட்டமும் உடல்வலுவும் முன்னுக்கு வந்தன. 1980 மாஸ்கோவில் தமிழகத்தின் வி. பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது செயற்கைத் தரையில்தான், ஆனால் பல வலுவான அணிகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன. சென்னை எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆட்டத்துக்கு முன் டர்ஃபில் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். உராய்வைக் குறைக்கத்தான் அது.

(பூப்பந்து ஆடுபவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பந்து தரையைத் தொட்டால் பாயிண்ட் போச்சு. தரை கால்களுக்கு மட்டும்தான்.)

குழந்தையை எந்தத் தரையில் பழக்குவது?

பக்கத்தில் நல்ல மண் கோர்ட் இருந்தால் அதில். பந்து நின்று வருவதால் நகர்ந்து அடிக்க நேரம் கிடைக்கும், ஒரே ஷாட்டில் பாயிண்ட் முடியாததால் யோசித்து ஆடப் பழகும், மூட்டுக்கும் நல்லது. ஆனால் தினமும் தண்ணீர் தெளித்து, இழுத்துச் சமன்செய்து பராமரிக்காத மண் கோர்ட்டில் பந்து தாறுமாறாக எகிறும். அதற்கு ஒழுங்கான சிந்தெடிக் கோர்ட்டே மேல். புல்லைப் பற்றிக் கவலை வேண்டாம், கிடைக்கப்போவதில்லை.

எங்கள் கோர்ட் எப்படிப்பட்டது என்று நாங்களே பார்க்க முடியுமா?

துள்ளலைப் பார்க்கலாம். சுவரில் அளவு குறித்து, புதுப் பந்தை 100 செ.மீ. உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விடுங்கள். விதிப்படி நல்ல பந்து 254 செ.மீ.யிலிருந்து விழுந்தால் 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். அந்தக் கணக்கில் 100-க்கு ஏறத்தாழ 53 முதல் 58 செ.மீ. அதே பந்தை உங்கள் கோர்ட்டில் பேஸ்லைன் அருகிலும், சர்வீஸ் கோட்டுக்கு அருகிலும் விட்டுப் பாருங்கள். சிமெண்டைவிட நன்றாகக் குறைந்தால் தரை மிருது. இடத்துக்கு இடம் மாறினால் அடித்தளம் சீராக இல்லை. போனில் ஸ்லோமோஷனில் எடுத்தால் உயரம் துல்லியமாகத் தெரியும். உராய்வை அளக்க இப்படிச் சுலப வழி கிடையாது, ஆனால் ஒருவர் பந்தைப் பக்கவாட்டில் சுழற்றி ஸ்லைஸ் சர்வ் போட, இன்னொருவர் எதிர்ப்பக்கம் நின்று பந்து முழங்காலுக்குக் கீழே வருகிறதா, இடுப்புக்கு வருகிறதா என்று பார்த்தாலே ஓரளவு பிடிபட்டுவிடும். மழை பெய்த மறுநாளும் ஒருமுறை பாருங்கள்.